‘டோன்ட் வொரி, பி ஹாப்பி’: மூன்று குரல் போதுமா?

நண்பர்களே, ஒரு யோசனை வேண்டும். பாபி மெக்ஃபெரினின் 1988 ஹிட்டான இந்தப் பாட்டை நாங்கள் மூன்று பேர் மேடையில் பாடப் போகிறோம். கேட்க எளிது. ஆனால் இதில் வாத்தியமே கிடையாது; பேஸ் (அடியில் ஒலிக்கும் கனத்த கீழ்ஸ்வரம்), தாளம், சீட்டி எல்லாம் அவர் குரலும் உடம்பும்தான். தனித்தனியாகப் பதிந்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கிறார். (அமெரிக்காவின் பில்போர்டு ஹிட் பாடல் பட்டியலில் முதலிடம் பிடித்த முதல் அகப்பெல்லா, அதாவது வாத்தியமில்லாத, பாட்டு. அப்பேர்ப்பட்ட ஜாஸ் பாடகருக்கு ஊரறிந்த ஒரே ஹிட் இந்த விளையாட்டுப் பாட்டுதான்!)

பேஸை ஒருவர் பார்த்துக்கொள்கிறார், சரி. ஆனால் வரிகளைப் பாடுபவரே சீட்டியும் அடிப்பதால் மூச்சு வாங்குகிறது. ஹம்மிங்கை விட்டாலோ பாட்டு மொட்டையாகிவிடுகிறது. பாடியதைப் பதிந்து திரும்பத் திரும்ப ஒலிக்கவிடும் லூப் பெடல் இல்லாமல் குரல்களை எப்படிப் பிரிக்கலாம்? அப்புறம், சீட்டிக்கு மைக்கை எவ்வளவு தள்ளிப் பிடிப்பது? பாடிப் பழகியவர்கள் சொல்லுங்களேன்.