இணைய மோசடியில் பணம் போன பிறகு வீட்டில் நடப்பது: உங்கள் அனுபவம் என்ன?

சேலம் உறுப்பினர்:
என் பெரியப்பா ஓய்வு பெற்ற கணக்கு ஆசிரியர். அவர் பெயரில் போன பார்சலில் போதைப்பொருள் இருந்ததாகச் சொல்லி, போலீஸ் சீருடையில் ஒருவன் வீடியோ அழைப்பில் வந்து 'டிஜிட்டல் கைது' செய்தான். சட்டத்தில் அப்படி ஒரு கைதே கிடையாது. 2024 அக்டோபரில் பிரதமர் வானொலியில் அதைச் சொன்னபோது பெரியப்பாவும் கேட்டவர்தான். நீதிமன்ற முத்திரை போட்ட தாளைத் திரையில் காட்டியதும் எல்லாம் மறந்துபோயிற்று. இரவில்கூடக் கேமராவை அணைக்க விடவில்லை. பேத்தி கல்யாணம் என்று அவர்கள் சொல்லிக்கொடுத்த பொய்யை வங்கியில் சொல்லி டெபாசிட்டை உடைத்தார். இணைய மோசடிப் புகார் எண்ணான 1930-ஐ நாங்கள் அழைப்பதற்குள் பணம் பல கணக்குகளுக்குச் சிதறிவிட்டது.

கொடுமை அதற்குப் பிறகுதான். துக்கம் விசாரிப்பதுபோல் வந்த சொந்தக்காரர்கள், "கணக்கு வாத்தியாருக்கே கணக்குத் தப்பிவிட்டதா?" என்று கேட்டார்கள். சிரிப்பு வேறு. இப்போது பெரியப்பா யார் அழைத்தாலும் எடுப்பதில்லை. அன்றாடம் எழுதிவந்த வீட்டுச் செலவு நோட்டைத் தொடுவதில்லை. பஸ்ஸுக்குக்கூடப் பெரியம்மாவிடம் காசு கேட்கிறார். விசாரிக்கப் போகிறவர்கள் "எவ்வளவு போயிற்று?" என்று ஆரம்பிக்காமல் இருந்தால் புண்ணியம்.

மதுரை உறுப்பினர்:
வங்கிக் கவுண்டரில் இருக்கிறேன். காதில் இயர்போனோடு டெபாசிட்டை உடைக்க வந்த ஓர் அம்மாளிடம், சலானின் பின்புறம் "யாராவது மிரட்டுகிறார்களா?" என்று எழுதி நீட்டினேன். பதில் இல்லை, கண் நிறைந்துவிட்டது. சர்வர் படுத்துவிட்டதாக மேலாளர் உரக்கச் சொன்னார். அதற்குள் மகனை வரவழைத்தோம். எல்லோரிடமும் இது பலிப்பதில்லை. என் பணம், கேட்க நீ யார் என்று சண்டை போட்டு எடுத்துப்போனவர்களும் உண்டு.

ராமநாதபுரம் உறுப்பினர்:
ஏமாற்றியவன் வீட்டையும் சொல்கிறேன். தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி வேலை என்றுதான் தம்பியை ஏஜென்ட் அனுப்பினார். தாய்லாந்தின் எல்லை ஊரான மே சோட்டில் ஆற்றைக் கடக்கவைத்து மியான்மரின் மியாவாடியில் கொண்டுபோய் விட்டார்கள். பாஸ்போர்ட்டைப் பறித்துக்கொண்டு, பெண் பெயரில் வெளிநாட்டு முதியவர்களிடம் காதல் பேசி, கிரிப்டோ என்னும் டிஜிட்டல் நாணயத்தில் பணம் போடவைக்கச் சொன்னார்கள். ஆள் சிக்காத நாளில் அடி, மின்சார அதிர்ச்சி. 2025 மார்ச்சில் இந்திய விமானப்படை விமானத்தில் வந்து சேர்ந்தான். மனைவியை இழந்த ஒரு பெரியவர் இவன் பேச்சை நம்பி வீட்டை விற்றாராம். அதைச் சொன்ன அன்று தம்பி சாப்பிடவில்லை.

ஏஜென்டுக்குக் கொடுத்த பணத்துக்கு இன்னும் வட்டி கட்டுகிறோம். அந்த ஆள் முன்ஜாமீன் வாங்கிக்கொண்டு ஊரில்தான் இருக்கிறார். கோயில் திருவிழாவுக்கு நன்கொடை கேட்டு எங்கள் வீட்டுக்கே வந்தார்.