பறவை படம் எடுக்க 75-300 லென்ஸா, 55-250 லென்ஸா? நாளைக்குள்ள சொல்லணும்

தூரத்துச்சிட்டு:
எல்லாருக்கும் வணக்கம். கேனான் கேமரா வெச்சிருக்கேன், கூட வந்த கிட் லென்ஸ் மட்டும்தான் இருக்கு. பறவையை எடுத்தா புள்ளி மாதிரி விழுது. என் கைக்கு அடங்குறது ரெண்டே ரெண்டு லென்ஸ்: 75-300 எம்எம், இல்லன்னா 55-250 எம்எம். ரெண்டும் பழசு, ஒருத்தரே விக்கிறார், நாளைக்குள்ள பதில் கேட்குறார். 300ன்னா 50 கூடக் கிடைக்குதே, அதையே எடுத்துரலாம்னு பார்க்குறேன். சரிதானே?

மரநிழல்:
கேமரா மாடல் என்ன? லென்ஸ் மேல எழுதியிருக்கறதை ஒரு எழுத்து விடாமப் போடுங்க. 75-300ல பல வகை இருக்கு, 55-250ல மூணு இருக்கு. பறவை எவ்வளவு தூரத்துல இருக்கும், உக்கார்ந்திருக்கறதா பறக்கறதா, எந்த நேரத்துல எடுப்பீங்க? இதெல்லாம் தெரியாம யார் பதில் சொன்னாலும் அது ஊகம்தான்.

கைநடுக்கம்:
மாடல் எதுவா இருந்தாலும் 55-250 எடுங்க. 250க்கும் 300க்கும் நடுவுல 1.2 மடங்குதான் வித்தியாசம், படத்துல பெருசாத் தெரியாது. ஆனா 75-300 III லென்ஸ்ல ஐஎஸ் (கை நடுக்கத்தைச் சரிக்கட்டற வசதி) கிடையாது. க்ராப் சென்சார்ல (படம் பதியற சின்ன சில்லு) 300 லென்ஸ் காட்டற அளவு 300 × 1.6 = 480. அதனால கையில பிடிச்சு எடுத்தா ஷட்டர் வேகம் 1/500 செகண்டுக்குக் கீழ போகக்கூடாது. 55-250 மூணு வகையிலயும் ஐஎஸ் உண்டு.

இன்னொண்ணு, 75-300 III-ல யூடி கண்ணாடி (நிறம் பிரியறதைக் குறைக்கற கண்ணாடி) இல்லை. 300ல லென்ஸோட திறப்பை (அப்பர்ச்சர்) முழுசாத் திறந்து எடுத்தா, வானத்துக்கு எதிர்ல இருக்கற கிளையோரம் ஊதா விளிம்பு கட்டும், இறகோட நுணுக்கம் மொழுக்குன்னு ஆயிடும். திறப்பை எஃப்/8க்கு மூடினா (எஃப் எண் கூடினா திறப்பு சின்னதாகும்) கொஞ்சம் தேறும். ஆனா அப்போ வெளிச்சம் பாதி ஆயிடுது, ஐஎஸ்ஸும் இல்லை. ஷட்டர் ஸ்பீடுக்கு எங்க போறது?

கூர்முனை:
"மாடல் எதுவா இருந்தாலும்" என்பது தவறான அறிவுரை. ஃபுல் ஃப்ரேம் (பெரிய சென்சார்) டிஎஸ்எல்ஆராக, அதாவது உள்ளே ஆடி உள்ள பழைய வகைக் கேமராவாக, இருந்தால் சிறிய சென்சாருக்கான இஎஃப்-எஸ் 55-250 மாட்டவே மாட்டாது. 75-300 என்றாலே ஐஎஸ் இல்லை என்று படிப்பவர் எடுத்துக்கொள்ளவும் கூடாது. 1995ல் வந்த இஎஃப் 75-300 ஐஎஸ் யூஎஸ்எம்தான் எஸ்எல்ஆர் கேமராவுக்கு வந்த முதல் ஐஎஸ் லென்ஸ்.

கேட்டவருக்கு: மவுண்ட் (கேமராவில் லென்ஸ் பொருந்தும் வாய்), குவியத் தூரம் (அந்த எம்எம் எண்), அப்பர்ச்சர், இந்த மூன்றும் என்னவென்று தெரியாமல் லென்ஸ் வாங்கக் கிளம்பக் கூடாது. இதே கேள்விக்கு நான் பலமுறை பதில் எழுதிவிட்டேன். அவற்றைப் படித்துவிட்டு வாருங்கள், பிறகு பேசலாம்.

கைநடுக்கம்:
நான் III-ன்னு தெளிவாத்தான் எழுதியிருக்கேன். 1995 லென்ஸ் இங்க பேச்சே இல்லை.

கண்ணாடிப்பெட்டி:
எதை வாங்கினாலும் முன்னாடி யூவி ஃபில்டர் மாட்டியிருந்தா முதல்ல கழட்டிருங்க. மலிவான ஃபில்டர் வைட் லென்ஸ்ல அவ்வளவாத் தெரியாது, டெலியில (தூரத்தை எடுக்கற லென்ஸ்ல) கூர்மையைத் தின்னுடும். ஃபோகஸே சரியா உக்காராது. லென்ஸ் மோசம்னு திட்டுவாங்க, கடைசியில பார்த்தா ஃபில்டர்தான் காரணமா இருக்கும். பாதுகாப்புக்கு ஹூட் போதும்.

ஆழ்குளம்:
எம்எம் கணக்கு போடறதுக்கு முன்னாடி தூரக் கணக்கு போடுங்க. தூரம் பாதியானா பறவை ரெண்டு மடங்கு பெருசாகும்; 250 லென்ஸ் 500 லென்ஸோட வேலையைச் செய்யும். பறவை திரும்பத் திரும்ப வந்து உக்காரற கிளையைப் பார்த்து வெச்சு, அது இல்லாத நேரத்துல போய், அசையாம உக்காருங்க. நடுவுல இருக்கற காத்தும் குறையும். வெயில் ஏறின அப்புறம் தரையிலேருந்து எழும்புற கானல்ல 50 மீட்டர் தள்ளி இருக்கறது எந்த லென்ஸ்லயும் நெளிஞ்சுதான் வரும், ஐஎஸ் அதுக்கு ஒண்ணும் பண்ணாது.

தூரத்துச்சிட்டு:
மன்னிக்கணும், கேமரா ஆர்50. கேனான்னா எல்லா லென்ஸும் சேரும்னு நினைச்சு மாடல் போடலை. லென்ஸ்ல இருக்கறது: "இஎஃப் 75-300 4-5.6 III", "இஎஃப்-எஸ் 55-250 4-5.6 ஐஎஸ் எஸ்டிஎம்". சிட்டு, மீன்கொத்தி மாதிரி சின்னப் பறவைங்க. 15 மீட்டர் இருக்கும். காலையில எடுப்பேன்.

மரநிழல்:
இதை முதல்லயே கேட்டது நல்லதாப் போச்சு. ஆர்50 ஆர்எஃப் மவுண்ட். நீங்க சொல்ற ரெண்டு லென்ஸும் நேரா மாட்டாது. இஎஃப்-இஓஎஸ் ஆர் அடாப்டர் வேணும். அதுக்குள்ள கண்ணாடி எதுவும் இல்லை, வெறும் குழாயும் மின்தொடுப்பும்தான். அதனால கூர்மை குறையாது, ஆட்டோஃபோகஸும் ஐஎஸ்ஸும் அப்படியே வேலை செய்யும். ஆனா அந்தச் செலவையும் லென்ஸோட சேர்த்துக் கணக்குல வையுங்க. விக்கிறவர்கிட்ட அடாப்டரும் இருக்கான்னு கேளுங்க.

அடுத்தது, ஆர்50 பாடியில சென்சார் ஸ்டெபிலைசேஷன் (சென்சாரே நடுக்கத்தைச் சரிக்கட்டறது) இல்லை. லென்ஸ்ல ஐஎஸ் இல்லைன்னா ஃபோட்டோவுக்கு எங்கயுமே இல்லை. அதனால 75-300 III-ஐ விட்டுருங்க. 2025ல வந்த ஆர்எஃப் 75-300ம் ஐஎஸ் இல்லாததுதான். அடாப்டர் வேண்டாமேன்னு அதுகிட்டப் போயிடாதீங்க.

55-250 எஸ்டிஎம் நல்ல தேர்வு. 2013ல வந்தது, மூணு வகையில இதுதான் கூர்மை. எடை 375 கிராம், 0.85 மீட்டர் வரைக்கும் கிட்டப் போகலாம், ஃபோகஸ் பண்ணும்போது முன்கண்ணாடி சுத்தாது. மேனுவல் ஃபோகஸ் வளையம் மோட்டார் வழியா ஓடறதால கேமரா ஆன்ல இருந்தாத்தான் வேலை செய்யும், பழசுன்னு பயந்துராதீங்க.

நெடுந்திறப்பு:
ஆர்50ன்னா ஆர்எஃப் 100-400 எஃப்/5.6-8 ஐஎஸ் யூஎஸ்எம் பத்தி யாரும் சொல்லலையே. 635 கிராம்தான், நேரா மாட்டும். கணக்கு இதோ. ஆர்50 சென்சார் அகலம் 22.3 மில்லிமீட்டர், அதுல 6000 பிக்சல். 15 சென்டிமீட்டர் சிட்டு, 15 மீட்டர் தூரம்:

210 எம்எம்: சுமார் 565 பிக்சல்
250 எம்எம்: சுமார் 670 பிக்சல்
300 எம்எம்: சுமார் 810 பிக்சல்
400 எம்எம்: சுமார் 1075 பிக்சல்

அலகிலேருந்து வால் வரைக்கும் அவ்வளவுதான். 670ல பறவை என்னன்னு தெரியும், திரையில பார்க்க நல்லா இருக்கும். இறகு இறகா வேணும்னா 1000க்கு மேல வேணும். ஆர்எஃப்-எஸ் 55-210 எஃப்/5-7.1 சின்னதா 270 கிராம்ல அழகா இருக்கும், ஆனா சின்னப் பறவைக்கு ஆகாது. கை கொஞ்சம் நீளும்னா ரெண்டு மாசம் பொறுத்து 100-400 வாங்குங்க.

கூர்முனை:
எஃப்/8 லென்ஸைப் புதியவருக்குப் பரிந்துரைப்பது பொறுப்பற்ற செயல். 250ல் எஃப்/5.6 இருக்கும்போது 400ல் எஃப்/8 என்றால் ஒரு ஸ்டாப் இழப்பு, வெளிச்சம் பாதி. காலை நிழலில் ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்திறன் அளவு) 2000ல் எடுப்பதை 4000ல் எடுக்க வேண்டிவரும். சிறிய சென்சாரில் அது நாய்ஸ் (படத்தில் புள்ளிப்புள்ளியாய் விழும் கறை). எஃப்/8ல் ஆட்டோஃபோகஸும் தடுமாறும்.

நெடுந்திறப்பு:
ஃபோகஸ் விஷயம் டிஎஸ்எல்ஆர் காலத்துது. சாதாரண டிஎஸ்எல்ஆர்ல ஃபோகஸ் சென்சார் எஃப்/5.6 வரைக்கும்தான். ஆர்50 இமேஜ் சென்சார்லயே ஃபோகஸ் பண்ணுது, எஃப்/8 அதுக்குச் சிரமமே இல்லை.

வெளிச்சம் பத்தி. ஐஎஸ்ஓ ஒரு ஸ்டாப் ஏறுது, சரி. ஆனா பறவையிலேருந்து வர்ற வெளிச்சத்தை உள்ள விடறது லென்ஸோட திறப்பு விட்டம். 250 ÷ 5.6 = 44.6 மில்லிமீட்டர். 400 ÷ 8 = 50 மில்லிமீட்டர். பரப்பளவுல 400 எஃப்/8தான் கால் பங்கு பெருசு. 250ல எடுத்ததை 400 அளவுக்கு க்ராப் பண்ணினா 24 மெகாபிக்சல்ல 9.4தான் மிஞ்சும், நாய்ஸும் அதோட சேர்ந்து பெருசாத் தெரியும். ஒரே ஷட்டர் ஸ்பீட்ல, பறவையை ஒரே அளவுல வெச்சுப் பார்த்தா 400 எஃப்/8 படம் மோசமா இருக்காது, ஒரு துளி நல்லாவே இருக்கும்.

கூர்முனை:
வெளிச்ச அளவீடு எஃப் எண்ணை வைத்துத்தான். விட்டத்தை வைத்து எந்த லைட் மீட்டரும் இயங்குவதில்லை. அடிப்படையைக் குழப்பாதீர்கள்.

நெடுந்திறப்பு:
எக்ஸ்போஷருக்கு எஃப் எண், அதை நான் மறுக்கலை. பறவை மேல விழுற நாய்ஸுக்கு, அந்தப் பறவை எத்தனை பிக்சல்ல பரவுது, மொத்தம் எவ்வளவு வெளிச்சம் வந்துதுங்கறதுதான் கணக்கு. ஃப்ரேம் முழுக்க நிறையற பொருளா இருந்தா நீங்க சொல்றது முழுக்கச் சரி. க்ராப் பண்ணித்தான் ஆகணும்னா அந்த வாதம் நிக்காது.

கைநடுக்கம்:
ரெண்டு பேரும் ரெண்டு விஷயம் பேசுறீங்க. ஒருத்தர் சென்சார்ல ஒரு சதுர மில்லிமீட்டருக்கு விழுற வெளிச்சம், இன்னொருத்தர் பறவைக்கு மொத்தம். கேட்டவர் சின்னப் பறவையை 15 மீட்டர்ல எடுக்கப் போறார், அவருக்கு ரெண்டாவதுதான் வேணும். ஆனா 100-400 அவர் கைக்கு அடங்காதுன்னு முதல் வரியிலயே சொல்லிட்டாரே.

கூர்முனை:
பொதுவான விதி பொதுவான விதிதான். நான் சொன்னதில் மாற்றமில்லை.

மரநிழல்:
நாளைக்குள்ள முடிவுன்னு ஒருத்தர் காத்துட்டு இருக்கார். 55-250 எஸ்டிஎம் வாங்கறதா இருந்தா, பார்க்கப் போகும்போது கேமராவைக் கையோட கொண்டுபோங்க. செய்ய வேண்டியது:

லென்ஸைக் கழட்டி, பின்பக்கத்திலேருந்து டார்ச் அடிச்சு முன்பக்கமாப் பாருங்க. சாய்ச்சுச் சாய்ச்சுப் பாருங்க. தூசி நாலு துகள் இருந்தாப் பரவாயில்லை. நூல் மாதிரி, சிலந்தி வலை மாதிரி கிளை விட்டிருந்தா அது பூஞ்சை, வேண்டாம். கண்ணாடி முழுக்கப் பால் படிஞ்ச மாதிரி இருந்தாலும் வேண்டாம். பின்னாடி மவுண்ட் பிளாஸ்டிக்தான். அந்தக் காதுகள்ல விரிசல் இருக்கான்னு பாருங்க.

ஜூம் 55லேருந்து 250 வரைக்கும் ஒரே இழுப்புல போகணும், நடுவுல பிடிக்கக் கூடாது. ஷட்டரைப் பாதி அழுத்தினா, ஐஎஸ் ஆன்ல இருக்கும்போது வியூஃபைண்டர் படம் மிதந்து நிக்கும். ஆஃப் பண்ணிப் பாருங்க, வித்தியாசம் உடனே தெரியும்.

அப்புறம் செய்தித்தாள் நாலு பக்கத்தைச் சுவத்துல சமமா ஒட்டி, கேமராவைச் சுவத்துக்கு நேர் எதிரே முக்காலியில வெச்சு, ஐஎஸ் ஆஃப் பண்ணி, 2 செகண்ட் டைமர்ல, 250ல எஃப்/5.6ல ஒண்ணு, எஃப்/8ல ஒண்ணு எடுங்க. முழுசாப் பெருசாக்கி நாலு மூலையையும் பாருங்க. நாலும் ஒரே மாதிரி கொஞ்சம் மங்கலா இருந்தா அது இயல்பு. மூணு தெளிவா இருந்து ஒண்ணு மட்டும் கரைஞ்சு போயிருந்தா, உள்ள ஒரு கண்ணாடி சாய்ஞ்சிருக்கு, எப்பவோ கீழ விழுந்த லென்ஸ். எஃப்/8, எஃப்/16ல எடுக்கும்போது எரர் 01 வந்தா மின்தொடுப்பு அழுக்கு, இல்லன்னா அப்பர்ச்சர் கோளாறு. காய்ந்த துணியால தொடுப்பைத் துடைச்சும் வந்தா விட்டுட்டு வந்துருங்க.

கைநடுக்கம்:
எடுக்கும்போது வைக்க வேண்டியது: மேனுவல் மோட், ஆட்டோ ஐஎஸ்ஓ, எஃப்/5.6. உக்கார்ந்த பறவைக்கு 1/500, தலையைத் திருப்பிட்டே இருக்கும்ங்கறதால அதுக்குக் கீழ வேண்டாம். பறக்கறதுக்கு 1/2000. ஐஎஸ் உங்க கை நடுக்கத்தைத்தான் நிறுத்தும், பறவையோட அசைவை நிறுத்தாது. ஃபோகஸ் செர்வோ (அசையறதைத் தொடர்ந்து பிடிக்கற முறை), எதைக் கண்டறியணும்ங்கற அமைப்புல விலங்குகள். வேகமாத் தொடர்ந்து எடுக்க எலக்ட்ரானிக் ஷட்டர்ல செகண்டுக்கு 15 ஃப்ரேம் வரும், ஆனா சிறகடிக்கும்போது படத்துல இறக்கை வளைஞ்சு விழும். முதல் திரை எலக்ட்ரானிக்ல 12 போதும்.

தூரத்துச்சிட்டு:
எல்லாருக்கும் நன்றி. 55-250 எஸ்டிஎம் எடுத்தாச்சு, அவர்கிட்ட அடாப்டரும் இருந்துது. டார்ச்ல சுத்தமா இருந்துது. செய்தித்தாள் வீட்டுக்கு வந்துதான் எடுத்தேன். வலது கீழ் மூலை மட்டும் எஃப்/5.6ல கொஞ்சம் மங்கல், எஃப்/8ல சரியாயிடுது.

மரநிழல்:
கேமராவைத் தலைகீழாத் திருப்பி அதே செய்தித்தாளை இன்னொரு தடவை எடுங்க. மங்கல் படத்தோட அதே மூலையிலயே வந்தா லென்ஸ். செய்தித்தாளோட அதே பக்கத்துல வந்தா, கேமரா சுவத்துக்கு நேரா நிக்கலை. ரெண்டு படத்தையும் போடுங்க.

கண்ணாடிப்பெட்டி:
முன்னாடி ஃபில்டர் இருந்துதா?

மரநிழல்:
தூரத்துச்சிட்டு, எடுத்தீங்களா?