ஏபிஐ வழியாகச் சூத்திரம் எழுதினால் விடை வராமல் சூத்திரமே எழுத்தாக நிற்கிறது

நெற்கணக்கு (சம்மாந்துறை)

வணக்கம். பெரும்போக நெல் கொள்வனவுக் கணக்கைக் கூகிள் ஷீட்ஸ் விரிதாளில் வைத்திருக்கிறோம். பைதனில் எழுதிய செய்நிரல் ஒன்று, ஜிஸ்பிரெட் என்ற நூலகத்தைக் கொண்டு, ஷீட்ஸின் ஏபிஐ (செய்நிரல் விரிதாளோடு பேசும் வழி) ஊடாக நிரை நிரையாகச் சேர்க்கிறது. ஏ திகதி, பி பெயர், சி தொலைபேசி, டி நிறை கிலோவில், ஈ ஈரப்பதன் வீதம், எஃப் கிலோ விலை. ஜி நிரலில் 14 வீத ஈரப்பதனுக்குத் திருத்திய நிறை வரவேணும்:

=டி2*(100-ஈ2)/86

கையால் தட்டினால் சரியாக வருகுது: 18 வீதத்தில் 1,000 கிலோ என்றால் 953.49. செய்நிரலால் அனுப்பினால் அதே வரி எழுத்தாகவே கிடக்குது. கலத்தைத் திறந்து என்டர் தட்டினாலும் மாறேல்ல. இன்னொன்று, புது நிரை எத்தனையாவதில் விழும் என்று முன்கூட்டித் தெரியாது. 'டி2' என்ற இடத்தில் எதைப் போடுறது?

கல்லடிப் பாலம்

கலத்தைச் சொடுக்கி மேலே சூத்திரப் பட்டையைப் பாருங்க தம்பி. சமன் குறிக்கு முன்னால் ஒற்றை மேற்கோள் குறி நிற்கும். அதுதான் என்டர் தட்டியும் மாறாததற்குக் காரணம்.

ஏபிஐக்கு 'வேல்யூ இன்புட் ஒப்ஷன்' என்று ஒரு அளவுரு இருக்கு. 'றோ' என்று கொடுத்தால் அனுப்பினது அப்படியே சேமிக்கப்படும். சமன் குறியில் தொடங்கினாலும் அது வெறும் எழுத்துத்தான். 'யூசர் என்டர்ட்' என்று கொடுத்தால் ஒருவர் விசைப்பலகையில் தட்டினது போல வாசித்து, சூத்திரமாக எடுக்கும். ஜிஸ்பிரெட்டில் நிரை சேர்க்கிற கட்டளையான அப்பென்ட் றோஸ், நீங்கள் ஒன்றும் சொல்லாவிட்டால் 'றோ'வைத்தான் எடுக்கும். இருக்கிற கலங்களை மாற்றுகிற அப்டேட்டும் அப்படித்தான். அதை வெளிப்படையாக மாற்றுங்க.

ஆனால் எல்லா நிரலுக்கும் 'யூசர் என்டர்ட்' போட்டுவிட வேண்டாம். தொலைபேசி இலக்கத்தை எண்ணாக எடுத்து முன்னால் உள்ள 0-ஐத் தின்றுவிடும். 03/04/2025 என்ற திகதி விரிதாளின் வட்டார அமைப்பைப் பொறுத்து ஏப்ரல் 3 ஆகவோ மார்ச் 4 ஆகவோ விழும். 2025-04-03 என்று அனுப்பினால் குழப்பம் இல்லை. வெளியாட்கள் படிவத்தில் நிரப்புற பெயர் சமன் குறியில் தொடங்கினால் அதையும் சூத்திரமாக ஓட்டிவிடும். வெளியே தரவை இழுத்துச் செல்லக்கூடிய சார்புகள் கூகிள் ஷீட்ஸில் இருக்கு, இதைச் சின்ன விஷயமாக எடுக்காதீங்க.

பெயரையும் தொலைபேசியையும் 'றோ'வில் அனுப்பி, திகதியையும் சூத்திரத்தையும் இன்னொரு அழைப்பில் 'யூசர் என்டர்ட்'டாக அனுப்புங்க. ஒரே அழைப்பில் இரண்டையும் கலக்க முடியாது. நிறை, ஈரப்பதன், விலை மூன்றும் பைதனில் எண்ணாகவே இருக்கவேணும். மேற்கோளுக்குள் 1000 என்று 'றோ'வில் போனால் அதுவும் எழுத்துத்தான், கூட்டுத்தொகையில் சேராது.

வாவிக்கரை

இரண்டாவது கேள்விக்கு: நிரைக்கு நிரை சூத்திரம் எழுதவே தேவையில்லை. ஜி1-இல் ஒரு தடவை இதை வையுங்க, அரேஃபோர்மியுலா முழு நிரலுக்கும் தானே கணக்கிடும்:

={"திருத்திய நிறை";அரேஃபோர்மியுலா(இஃப்(டி2:டி="",,டி2:டி*(100-ஈ2:ஈ)/86))}

செய்நிரல் ஏ முதல் எஃப் வரை மட்டும் எழுதட்டும். ஜி நிரலில் எந்தக் கலத்திலாவது ஏதாவது விழுந்தால் ஜி1-இல் ரெஃப் பிழை வந்து, மற்ற விடைகள் எல்லாம் மறைந்துவிடும்.

அந்த இரண்டு காற்புள்ளிக்கும் நடுவே ஒன்றும் இல்லாததைக் கவனியுங்க. அங்கே வெற்று மேற்கோளைப் போட்டால் வெறுமையாகத் தெரிகிற கலங்களிலும் வெற்று எழுத்து இருக்கும். அப்பென்ட் அதையும் தரவு என்று எண்ணி, புது நிரையைத் தாளின் அடியில், 1,000-க்குக் கீழே கொண்டுபோய் வைக்கும். 'தரவைக் காணேல்ல' என்று தேடுற பலருக்கு விடை அங்கேதான் இருக்கும்.

கல்லடிப் பாலம்

உண்மை. ஒவ்வொரு கலத்திலும் தனிச் சூத்திரம் வேணும் என்றால் ஏபிஐயின் பட்ச் அப்டேட் அழைப்பில், ஒரே சூத்திரத்தைப் பல கலங்களுக்கு நிரப்புற ரிப்பீட் செல் இருக்கு. 'ஃபோர்மியுலா வேல்யூ'வில் முதல் நிரைக்கான சூத்திரத்தை மட்டும் கொடுத்தால், கீழே போகப் போக டி3, டி4 என்று தானே மாற்றிக்கொள்ளும். அங்கே எண்ணிக்கை 0-இல் தொடங்கும், முடிவு எல்லை சேராது. 2 முதல் 500 வரையான நிரைகளுக்குத் தொடக்கம் 1, முடிவு 500. ஜி நிரலுக்குத் தொடக்கம் 6, முடிவு 7. எதை மாற்றவேணும் என்று சொல்லுற 'ஃபீல்ட்ஸ்' இடத்தில் 'யூசர் என்டர்ட் வேல்யூ' மட்டும் எழுதுங்க. நட்சத்திரக் குறி போட்டால் கலத்தின் நிறம், எண் வடிவம் எல்லாம் அழியும்.

நெற்கணக்கு (சம்மாந்துறை)

ஜி1 வழி சரிவந்துட்டு, 953.49 நிற்குது. பழைய நிரைகளைத் திருத்தக் கலம் கலமாகச் சுற்றுவளையத்தில் எழுதப்போனால் கொஞ்ச நேரத்தில் 429 பிழை வருகுது.

வாவிக்கரை

429 என்றால் அழைப்புகள் அளவு மீறிவிட்டன என்று அர்த்தம். ஒரு பயனருக்கு நிமிடத்துக்கு 60 எழுதும் அழைப்புத்தான் அனுமதி. டி2:எஃப்500 முழுவதையும் ஒரு பட்டியலாக்கி ஒரே அப்டேட்டில் அனுப்புங்க, அது ஒரு அழைப்பாகத்தான் எண்ணப்படும். ஜிஸ்பிரெட் 6-ஆம் பதிப்பில் அப்டேட்டுக்கு முதலில் தரவு, பிறகு வீச்சு. பழைய செய்நிரலில் வரிசை மறுதலையாக இருக்கும், மாற்றிக்கொள்ளுங்க. அனுப்ப முதல் ஜி நிரலில் கிடக்கிற பழைய எழுத்துச் சூத்திரங்கள் மிச்சமில்லாமல் அழிந்துட்டா என்று ஒருக்காப் பாருங்க.