பூச்சியை மாவாக்கிவிட்டால் அருவருப்பு போய்விடுமா?
(அரவைக்கல், கறார்கணக்கு, ஆய்வுக்கூடம், வெளிமுற்றம் என்ற புனைபெயர்களில் நால்வர் வாதாடுகிறார்கள்.)

அரவைக்கல்
பூச்சி உணவு என்றதும் முகம் சுளிப்பவர்களில் பலர், அதையே மாவாக்கி பிஸ்கட்டில் சேர்த்தால் ஒரு வாய் தின்று பார்க்கச் சம்மதிக்கிறார்கள். காலும் கண்ணும் தெரிவதுதான் சிக்கல். சிவப்பு நிறமி கார்மைன் (இ120) கள்ளியில் வளரும் பூச்சியிலிருந்து வருகிறது. மிட்டாயை மினுக்கும் ஷெல்லாக் (இ904) அரக்குப்பூச்சி சுரப்பது. இரண்டையும் நாம் கேள்வி கேட்டதில்லை. 50 கிராம் கோதுமை மாவில் சராசரியாக 75 பூச்சித் துணுக்குகள் வரும்வரை அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ கண்டுகொள்வதில்லை. ஆகவே மாவாக்கு, 5 முதல் 10 சதவீதம் கல, ஆள் தானாக வருவான். இதுதான் என் கட்சி.

கறார்கணக்கு
அரவைக்கல், தெரியாமல் தின்பதற்குப் பெயர் ஏற்பு அல்ல. மேலும், மறைக்கவும் முடியாது. ஐரோப்பிய ஒன்றியம் 2021இல் மாவுப்புழுவை (ஒரு வகை வண்டின் புழு) உணவாக அனுமதித்தபோதே உறையில் அதன் பெயர் இருக்க வேண்டும், இறால், நண்டு, தூசி உண்ணி ஒவ்வாமை உள்ளவர்களுக்கு எச்சரிக்கையும் இருக்க வேண்டும் என்றது. சிங்கப்பூர் 2024இல் 16 இனங்களை அனுமதித்தபோதும் உறையில் சொல்லியாக வேண்டும் என்றே விதித்தது. கண்ணுக்கு மறைத்தாலும் உறை காட்டிக்கொடுத்துவிடும்.

‘ஒரு வாய் தின்று பார்ப்பேன்’ என்பது வெறும் ஆர்வம். இரண்டாம் தடவை காசு கொடுத்து வாங்குகிறானா? அதுதான் கேள்வி. ருசியே தெரியாத அளவுக்குக் கலந்தால், விலை மட்டும் ஏறிய பிஸ்கட்டை எவன் மறுபடி வாங்குவான்?

இன்னொன்று, பூச்சி மாவுக்குச் சொல்லும் புரதக் கணக்கு. நைட்ரஜனை அளந்து 6.25ஆல் பெருக்கிப் ‘புரதம் 60 சதவீதம்’ என்று போடுகிறார்கள். ஓட்டில் இருக்கும் கைட்டின் புரதம் அல்ல, ஆனால் அதிலும் நைட்ரஜன் உண்டே! 2017இல் வந்த ஆய்வு புழுக்களுக்கு 4.76ஆல் பெருக்கச் சொன்னது. அப்படிப் போட்டால் 60 என்பது 45.7 ஆகிவிடும்.

ஆய்வுக்கூடம்
4.76 புழுக்களை வைத்துக் கிடைத்த எண், சுவர்க்கோழிக்கு (கிரிக்கெட் பூச்சி) அப்படியே பொருத்தாதீர்கள். ஆனால் கணக்கு மிகையாக வருகிறது என்பது சரி. 45ம் ஒன்றும் குறைவில்லை.

நீங்கள் இருவருமே தொடாத இடம் வாடை. ‘பூச்சி நாற்றம்’ என்று பலர் சொல்வது பெரும்பாலும் காறிப்போன எண்ணெய் வாடை. உலர்ந்த மாவுப்புழுவில் ஏறக்குறைய 30 சதவீதம் கொழுப்பு, அதில் பெரும்பகுதி நிறைவுறாதது. காற்றும் வெளிச்சமும் பட்டால் சீக்கிரம் கெடும்.

முறை இது. 24 மணி நேரம் தீனியை நிறுத்திக் குடலைக் காலியாக்க வேண்டும். பிறகு மைனஸ் 18 டிகிரியில் உறையவிட்டுக் கொல்வது. அடுத்து, கொதிநீரில் 5 நிமிடம். கொதிநீரில் போடாமல் பச்சையாக அரைத்தால் விழுது கண்ணெதிரே பழுப்பாகி, கறுத்துவிடும். வெட்டிய கத்தரிக்காய் கறுப்பதைப் போன்ற நொதி வேலைதான். கொதிநீர் நொதியையும் பெரும்பாலான கிருமிகளையும் முடித்துவிடும். பேசில்லஸ் சீரியஸ் போன்ற, உணவை நஞ்சாக்கும் கிருமிகளின் வித்துகள் மட்டும் தப்பிவிடும். வெந்த பூச்சியைக் குவியலாக வைத்து மெல்ல ஆறவிட்டால் அந்த வித்துகள் முளைத்துப் பெருகும். ஆகவே உடனே ஆறவைத்து, மெல்லிசாகப் பரப்பி, ஈரம் சுமார் 5 சதவீதத்துக்கு இறங்கும்வரை உலர்த்த வேண்டும். விரலால் நசுக்கினால் ‘படக்’கென்று உடைய வேண்டும். வளைந்தால் ஈரம் இருக்கிறது.

பிறகு அரவை. விடாமல் ஓட்டினால் சூட்டில் கொழுப்பு இளகி, மாவு வராது, களிம்பு வரும். குளிரவைத்து விட்டுவிட்டு அரைக்கலாம். முதலில் எண்ணெயைப் பிழிந்துவிடுவது இன்னும் நல்லது, சீக்கிரம் காறாது.

வெளிமுற்றம்
இறாலும் கணுக்காலி, வெட்டுக்கிளியும் கணுக்காலி. கடலில் இருந்தால் விருந்து, வயலில் இருந்தால் வாந்தியா? 😄

ஆய்வுக்கூடம்
அந்த உறவுதான் ஆபத்தும், வெளிமுற்றம். ஒவ்வாமையைக் கிளப்பும் ட்ரோபோமயோசின் என்ற புரதம் இரண்டிலும் ஒரே சாயல். வேகவைத்தாலும் வறுத்தாலும் முழுதாக அழியாது. இறால் ஒத்துக்கொள்ளாதவர் ஒரு சிட்டிகைகூடத் தொடக்கூடாது. முழு வெட்டுக்கிளி என்றால் காலையும் இறக்கையையும் கிள்ளிவிட வேண்டும். பின்னங்காலில் உள்ள முட்கள் குடலை அடைக்கக்கூடும். அழகுக்காகச் சொல்லும் விதி இல்லை இது.

அரவைக்கல்
வாடையைப் பதத்தில் சரிசெய்யலாம் என்றால் என் பக்கம்தானே வலுக்கிறது! கலப்பிலும் இடம் பார்க்க வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். வெள்ளை ரொட்டியில் 10 சதவீதம் போட்டால் கோதுமையின் பசைப்புரதம் (குளூட்டன்) நீர்த்து, ரொட்டி எழும்பாது, நிறமும் சாம்பல் தட்டும். பிஸ்கட்டுக்கு எழும்ப வேண்டிய கவலை இல்லை, கோகோ சேர்த்தால் நிறமும் தெரியாது. விலை இன்றைக்கு அதிகம்தான். ஆனால் சுவர்க்கோழி ஒரு கிலோ எடை போட 1.7 கிலோ தீனி போதும், கோழிக்கு 2.5 என்பது அடிக்கடி சொல்லும் கணக்கு. உற்பத்தி பெருகினால் இறங்கும்.

கறார்கணக்கு
அந்த 1.7 நல்ல தீனிக்கு. 2015இல் சுவர்க்கோழிகளைப் பலவகைத் தீனியில் வளர்த்துப் பார்த்தார்கள். அதிகம் பதப்படுத்தாத உணவுக்கழிவிலும் பெரும்பகுதி வைக்கோலான தீனியிலும் ஏறக்குறைய எல்லாமே அறுவடைக்கு முன் செத்தன. கோழித்தீனி போட்டபோது, தீனியின் புரதத்தை உடற்புரதமாக்குவதில் கோழியைவிடச் சற்றே மேல், அவ்வளவுதான். கழிவைத் தின்று புரதம் தரும் என்ற கதை இந்தப் பூச்சியிடம் செல்லாது. வளர்க்கும் இடத்தை 30 டிகிரி வெப்பத்தில் வைக்க ஆகும் மின்சாரம் வேறு. சுவர்க்கோழிகளைக் கொல்லும் டென்சோவைரஸ் புகுந்தால் பண்ணையே காலி. 2010ஐ ஒட்டி வட அமெரிக்காவில் அப்படித்தான் ஆனது.

அரவைக்கல்
கோழியில் எலும்பு, இறகு, குடல் கழித்துப் பாதிக்குச் சற்று மேல்தான் தேறும். சுவர்க்கோழியில் சுமார் 80 சதவீதம் தின்னலாம். அதையும் கணக்கில் ஏற்றுங்கள்.

கறார்கணக்கு
ஏற்றினேன், அந்த ஒன்றில் உங்கள் பக்கம். ஆனால் மறைக்கிற வேலையை விடுங்கள். உப்பும் காரமும் போட்டு மொறுமொறுவென்று முழுசாக வறுத்துக் கொடுத்தால் வருகிறவன் தெரிந்தே வருவான். பத்துப் பேரில் இரண்டு பேர்தான் கை நீட்டினாலும், அந்த இருவர் மறுபடி வருவார்கள்.

ஆய்வுக்கூடம்
வறுப்பதானால் வேகவைத்து உலர்த்திய பிறகே வறுங்கள். பச்சையாகச் சட்டியில் போட்டால் மேலே தீயும், உள்ளே ஈரம் நிற்கும்.