புள்ளைக்கு மாசா மாசம் வயித்தால போவுது, பல்லா தண்ணியா?

லயத்துஅம்மா:
வணக்கம், நாங்க மலேசியால சுங்கை சிப்புட் பக்கம் எஸ்டேட் லயத்துல இருக்கோம். மகனுக்கு 11 மாசம், மூணு மாசத்துல இது மூணாவது தடவ. மாமியாரு பல்லு மொளைக்குதுலான்னு ஒரே வார்த்தைல முடிச்சிட்டாங்க. நெட்ல தேடுனா ஏழை நாடுகள்ல புள்ளைங்களுக்கு ஏன் பேதி வருதுன்னு பெரிய லிஸ்ட்டு, ஆத்து தண்ணி, கக்கூஸ் இல்லாத வீடுன்னு, நமக்குத்தான் பைப்பும் இருக்கு ஃப்ளஷ்ஷும் இருக்கே அப்பறம் ஏன்? காலைல பெரட்டுக்கு (எஸ்டேட்ல ஆள் கணக்கெடுத்து வேலைக்கு அனுப்புறது) போறதால பாத்துக்குற அக்கா வீட்டுல விடுறேன், பாட்டில் பால்தான்.

பழையமிஸி:
மிஸியா, அதான் நர்ஸா இருந்தவ கேக்குறேன், மொதல்ல இத சொல்லும்மா, ஒன்னுக்கு போறானா? கண்ணு குழி விழுந்திருந்தாலோ, ரத்தம் போனாலோ, குடிக்கிறதெல்லாம் வாந்தி எடுத்தாலோ இங்க எழுதிட்டு இருக்காத, கிளினிக்குக்கு கெளம்பு.

பல்லுக்கு பேதி வராது. ஆனா 6 மாசத்துக்கு மேல அம்மா கொடுத்த எதிர்ப்பு சக்தி கொறையுது, தவழுறான், கெடச்சத வாயில போடுறான், சோறும் அப்பத்தான் ஊட்ட ஆரம்பிக்கிறோம், பல்லும் அதே நேரம் வந்து நிக்குது, பழி அது மேல. நீ பாத்த லிஸ்ட்டுல பாட்டில் பாலும் இருந்திருக்குமே? பால் மாவுலயே கிருமி இருக்கலாம், கொதிச்ச தண்ணி 70 டிகிரிக்கு கீழ ஆறுறதுக்குள்ள கலக்கி, அப்பறம் ஆற வச்சு குடுக்கணும், 2 மணி நேரம் தாண்டுனா கீழ ஊத்திடு. வெளிய சுத்தமா தெரியுற பாட்டில் சூப்பிய உள்பக்கம் புரட்டி பாரு, ஒட்டியிருக்குற அழுக்கு தெரியும்.

ரப்பர்காட்டான்:
டின்னுல வர்ற 100 ப்ளஸ் கூல்டிரிங்க் வாங்கி குடுங்க சிஸ், எங்க வீட்டுல அதான் மருந்து 😂

பழையமிஸி:
வேணாம் தம்பி, அதுல சக்கரை ஜாஸ்தி, உப்பு கம்மி, பேதி இன்னும் கூடும். ஃபார்மசில ஓஆர்எஸ் பாக்கெட் வாங்கு, தண்ணில கரைச்சு குடுக்குற உப்பு சக்கரை பொடி. அவசரத்துக்கு 1 லிட்டர் ஆறுன தண்ணில 6 டீஸ்பூன் சக்கரை, அரை டீஸ்பூன் உப்பு, ரெண்டும் தலை தட்டி அளக்கணும், உப்பு கூடுனா ஆபத்து. 1971ல வங்காள அகதி முகாம்ல டிரிப் தீந்து போனப்ப டாக்டர் திலீப் மகாலனாபிஸ் இந்த மாதிரி உப்பு சக்கரை கரைசல வச்சுத்தான் காலரா வந்தவங்கள காப்பாத்துனாரு. பாலையும் சோறையும் நிறுத்தாத. ஸிங்க் மருந்தும் 10லருந்து 14 நாளு குடுப்பாங்க, எவ்வளவுன்னு டாக்டர்ட்ட கேளு.

கோலாகங்சார்பொண்ணு:
எனக்கென்னவோ அந்த அக்கா வீடுதான் சந்தேகம், எத்தன புள்ளைங்க அங்க? பெம்பர்ஸ் மாத்துன கையோட பால் கலக்குறாங்களா? ஆப்பிரிக்கா, ஆசியான்னு 7 எடத்துல பண்ணுன ஆராய்ச்சில கைக்கொழந்தைங்கள ஜாஸ்தி படுத்துனது ரோட்டாவைரஸ், அது கை வழியா பரவும், பைப் தண்ணிய கொற சொல்லி என்ன? அதுக்கு வாயில விடுற சொட்டு மருந்து இருக்கு, பொறந்த சில மாசத்துலயே குடுத்து முடிக்கணும், உங்க மகனுக்கு டைம் தாண்டிருச்சு. இன்னொன்னு, டிரம்முல புடிச்சு வச்சு கப்ப கையோட முக்கி எடுத்தா, பைப்ல சுத்தமா வந்தும் பிரயோஜனம் இல்ல.

லயத்துஅம்மா:
அக்கா வீட்டுல 6 புள்ளைங்க, கை தொடைக்க ஒரே துண்டு. பாலு காலைல 6 மணிக்கே 3 பாட்டில் கலக்கி வச்சிர்றாங்களாம், நாந்தான் நேரம் மிச்சம்னு அப்படி சொல்லிட்டு வந்தேன்! மிஸி, இன்னிக்கு ரெண்டு தடவதான் போச்சு, ஒன்னுக்கும் போறான். மாமியாரு மட்டும் இன்னும் ஈறத் தடவி பாத்துட்டு இருக்காங்க. ஆமா, மூடி போட்டு கீழ பைப்பு வச்ச டிரம்மு என்ன வெல யாருக்காச்சும் தெரியுமா?