பொருள்: நோயாளர் விபரத்தை வெளியே விடாமல் காப்பதற்கு ஒரு சொல்

ஹட்டனிலிருந்து, தாதி உத்தியோகத்தர்

குழுவினருக்கு வணக்கம்.

எங்கள் கிளினிக்கில் சுவரில் ஒட்ட ஓர் அறிவித்தலும் ஊழியர்கள் கையெழுத்திட ஓர் உறுதிமொழிப் படிவமும் மும்மொழியில் தயாராகின்றன. தமிழ்ப் பகுதி என் பொறுப்பு. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. 'கொன்பிடென்ஷியலிட்டி' என்பதற்கு வரைவில் 'இரகசியத்தன்மை' என்று இருக்கிறது. அதை வாசித்துக் காட்டியபோது ஓர் அம்மா, "என்ன இரகசியம்? எனக்கு ஏதும் பெரிய வருத்தமா?" என்று பயந்துவிட்டார்.

'தனியுரிமை' போதாது. அது நோயாளிக்கு உள்ள உரிமை. எனக்கு வேண்டியது, கேட்டவர், பார்த்தவர், எழுதியவர் எல்லார் மேலும் விழுகிற கடமைக்கான சொல். இங்கே தமிழ் தெரியாத டொக்டர்மார் பலர். தேயிலைக் கொழுந்து எடுக்கிற ஒரு பெண் தன் மாதவிடாய்ப் பிரச்சினையைச் சொன்னால், அதைச் சிங்களத்தில் சொல்லிக் கொடுப்பவர் அந்த நேரம் பக்கத்தில் நிற்கிற யாரோ ஓர் ஊழியர். அவர் அதே தோட்டத்து ஆளாகவும் இருப்பார். பின்னேரத்துக்குள் தொழிலாளர் வீடுகள் வரிசையாக உள்ள லயம் முழுக்கப் பரவிவிடும் என்று பயந்து, தலைவலி என்று மட்டும் சொல்லி பனடோலோடு திரும்பிப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த மொழிபெயர்க்கிற ஆளையும் கட்டுப்படுத்துகிற சொல் கிடைக்குமா?

யாழ்ப்பாணத்திலிருந்து, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

மகள், நல்ல தேவை. 1847 இல் வந்த கிறீன் வைத்தியர் மானிப்பாயில் தமிழிலேயே மேலை வைத்தியம் படிப்பித்த நாடு இது. ஒரு சொல்லுக்கா முடியாது?

'மறைகாப்பு' என்று வையுங்கள். மறை என்றால் மறைக்கப்பட்டது. மெய்காப்பு இருக்கிறதல்லவா, அதே வார்ப்பு. நடுவில் 'க்' என்ற வல்லினம் மிகுமா என்று கேட்பீர்கள். 'மறையைக் காப்பு' என்பதில் 'ஐ' மறைந்து வரும் இரண்டாம் வேற்றுமைத் தொகையில் மிகாமல் வருவதே இயல்பு. 'மெய்க்காப்பாளர்' என்று பத்திரிகைகள் எழுதுவதால் மட்டும் அது விதியாகிவிடாது. 'மறைக்காப்பு' என்று யாரும் அச்சடித்துவிடாதீர்கள்.

கண்டியிலிருந்து, விரிவுரையாளர்

ஐயா, ஒற்று இருக்கட்டும். மலையகத்தில் 'மறை' என்றால் காதில் விழுவது வேறு. வேதம், சமயம் என்றுதான். இங்கே கத்தோலிக்கரின் கண்டி மறைமாவட்டம் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை மறைக்கல்வி வகுப்பு இருக்கிறது. கிளினிக் சுவரில் மறைகாப்பு என்று கண்டால் மாதா கோயில் அறிவித்தல் என்றே எண்ணுவார்கள். இரகசியம் என்ற பொருளுள்ள 'மந்தணம்' பொருந்தும், ஆனால் அகராதி அதை 'மந்த்ரண' என்ற வடசொல்லோடு சேர்க்கிறது. ஐயா ஏற்கமாட்டார்.

சொல் கிடைக்காவிட்டாலும் கருத்து நம்மிடம் பழையது. "மக்கள் நுதலிய அகனைந் திணையும் சுட்டி ஒருவர் பெயர்கொளப் பெறாஅர்" என்பது தொல்காப்பியம். காதலைப் பாடும் அகப்பாட்டில் இன்னார் என்று பெயர் சுட்டக் கூடாது. சங்கப் பாட்டான நெடுநல்வாடையில் தலைவன் பெயர் எங்குமே இல்லை. ஆனாலும் வேலின் தலையில் வேப்பந்தார் கட்டியிருக்கிறது. வேம்பு பாண்டியன் பூ. அந்த ஓர் அடையாளத்தால் ஆள் வெளிப்பட்டுவிட்டான் என்று சொல்லி உரைகாரர் நச்சினார்க்கினியர் அதைப் போரையும் அரசரையும் பாடும் புறத்தில் சேர்த்தார். பெயரை அழித்தால் மட்டும் போதாது என்று உரைகாரர் அன்றே கண்டிருக்கிறார். அதோடு, கசிந்த செய்திக்கும் நமக்குச் சொல் உண்டு. ஒரு சிலர் வாய்க்குள் முணுமுணுத்தால் அம்பல், ஊரே பேசினால் அலர். உறுதிமொழியில் 'அலர் செய்யேன்' என்று ஒரு வரி சேர்க்கலாமே!

கொழும்பிலிருந்து, அரச மொழிபெயர்ப்பாளர்

சங்க காலத்திலிருந்து சற்று இறங்கி வருவோம். தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாக்க 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டம் வந்துவிட்டது. உடல்நலம் பற்றிய தரவை அது சிறப்பு வகையில் வைத்திருக்கிறது. சட்டத்தோடு ஒத்துப்போக 'தரவு' என்றே எழுதுங்கள். நோயாளர் தரவுப் பாதுகாப்பு.

ஹட்டனிலிருந்து

சேர், தரவு என்றால் எங்கள் ஊழியர்கள் கம்பியூட்டரில் இருப்பது என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். எனக்குப் பெரிய கவலை வாயால் போகிறதுதான். மேசையில் அடுக்கியிருக்கும் கிளினிக் கொப்பிகளும் அப்படித்தான். மேலே இருக்கிற கொப்பியின் பெயரை வரிசையில் நிற்கிற எவரும் வாசிக்கலாம்.

வேப்பம்பூ விஷயம் மனதில் பதிந்தது. பெயருக்குப் பதிலாக இலக்கம் கூப்பிடலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். ஆனால் எந்தக் கிழமை, எந்த அறை வாசல் என்று பார்த்தாலே என்ன வருத்தம் என்று ஊருக்குத் தெரிந்துவிடும். சயரோகத்துக்கு மருந்து எடுக்கிறவர்களுக்கு இதுதான் பெரிய வேதனை. அதைப் படிவத்தில் தனியாக எழுதப் போகிறேன்.

பதுளையிலிருந்து, தோட்டப் பாடசாலை ஆசிரியை

எல்லாரும் பெரிய சொல்லாகத் தேடுகிறீர்கள். எங்கள் தோட்டத்தில் பாட்டிமார் வாயில் இருக்கிற சொல் 'கமுக்கம்'. "கமுக்கமா வச்சுக்க" என்றால் சின்னப் பிள்ளைக்கும் புரியும். 'நோயாளர் கமுக்கம்' என்று போடுங்கள், அக்கா.

யாழ்ப்பாணத்திலிருந்து

கமுக்கம் தமிழ்தான், மறுக்கவில்லை. ஆனால் அதில் கள்ளத்தனம் ஒட்டியிருக்கிறது. கமுக்கமாக இருக்கிறான் என்றால் நல்லவன் என்றா பொருள்? வைத்தியசாலை எதையோ ஒளிக்கிறது என்று ஆகிவிடும்.

பதுளையிலிருந்து

உங்கள் பக்கம் அப்படியிருக்கலாம், ஐயா. இங்கே அது நம்பிக்கையான ஆளுக்குச் சொல்கிற சொல். நாங்கள் பேசுகிற சொல் ஏன் எப்போதும் படிவத்துக்குத் தகுதி இல்லாமல் போகிறது?

ஹட்டனிலிருந்து

எல்லாருக்கும் நன்றி. நாளை காலை கொடுத்தாக வேண்டும். நீங்கள் சொன்னவற்றிலிருந்து நானே ஒன்றைச் சேர்த்து அமைத்தேன்: 'நோயாளர் விபரக் காப்பு'. தலைப்பு அதுவே. கீழே நேரடியாக இப்படி: "நீங்கள் சொல்வதை, உங்கள் கொப்பியில் உள்ளதை, உங்களுக்காக மொழிபெயர்த்தவர் உட்பட எவரும் வெளியில் சொல்லமாட்டோம். வீட்டாரிடமும் தோட்ட அலுவலகத்திலும் உங்கள் சம்மதம் இல்லாமல் சொல்லமாட்டோம்." 'அலர்' வரியை விட்டுவிட்டேன், விரிவுரையாளர் மன்னிக்க வேண்டும்.

யாழ்ப்பாணத்திலிருந்து

'விபரம்' பிழை, 'விவரம்' என்பதே சரி. அதுவும் வடசொல். என் எதிர்ப்பைப் பதிவு செய்கிறேன்.

பதுளையிலிருந்து

அக்கா, அறிவித்தலை வாசிக்கத் தெரியாதவர்களுக்கு யாராவது வாயால் சொல்லத்தானே வேண்டும். அப்போது கமுக்கம் என்று சொல்லச் சொல்லுங்கள். படிவம் உங்கள் இஷ்டம்.