ஏ6400-க்கு 50,000 ரூபாய்க்குள் ஜூம் லென்ஸ்: 18-300 ஒன்றே போதுமா?

புங்கமரம்:
வணக்கம். கையில் இருப்பது சோனி ஏ6400 கேமரா, அதோடு வந்த 16-50 மிமீ கிட் லென்ஸ். எடுப்பது வீட்டு விசேஷம், மண்டபத்தில் கல்யாணம், கோயில் சிற்பம், எப்போதாவது பறவை. மண்டபத்துக்குள் போனால் ஐஎஸ்ஓ (ஒளிக்கான உணர்திறன்) 6400-ஐத் தொட்டுவிடுகிறது, முகமெல்லாம் மணல் தூவிய மாதிரி. பறவையோ படத்தில் புள்ளியாக நிற்கிறது. பட்ஜெட் 50,000. கொஞ்சம் கூடப் போட்டு டாம்ரான் 18-300 வாங்கிவிட்டால் வேறு லென்ஸே வேண்டாம் என்கிறார்கள். சரியா? செகண்ட் ஹேண்டும் பரவாயில்லை.

கரிச்சான்:
உங்களுக்கு இரண்டு குறை. 18-300 தீர்ப்பது பறவைக் குறையை மட்டும்.

மண்டபத்துப் பிரச்சினை ஜூம் எட்டவில்லை என்பதல்ல, வெளிச்சம் போதவில்லை என்பது. எஃப் எண் என்பது அப்பர்ச்சர், அதாவது லென்ஸில் ஒளி நுழையும் துளையின் அளவு; எண் சிறிதானால் துளை பெரிது. உங்கள் கிட் லென்ஸ் 50 மிமீயில் எஃப்/5.6. 18-300-இல் எஃப்/3.5 கிடைப்பது 18 மிமீயில் மட்டுமே. ஜூம் செய்யச் செய்ய அப்பர்ச்சர் சுருங்கி எஃப்/6.3-இல் போய் நிற்கும். ஆக மணமேடையை எட்டி எடுக்கும்போது அதே மணல்தான். எஃப்/5.6-க்குப் பதில் எஃப்/2.8 என்றால் உள்ளே வரும் ஒளி நாலு மடங்கு. அதே ஷட்டர் ஸ்பீடில் 6400 கேட்ட இடத்தில் 1600 போதும்.

இந்தப் பணத்துக்கு எஃப்/2.8 ஜூம் என்றால் சிக்மா 18-50. எடை 290 கிராம், 55 மிமீ ஃபில்டர், ஏ6400-இல் மாட்டினால் முன்பக்கம் தொங்காது. 18 மிமீ முனையில் 12 செமீ வரை நெருங்கி ஃபோகஸ் ஆகும் என்பதால் தாலி, மெட்டி, மருதாணிக்கு வேறு லென்ஸ் தேட வேண்டாம்.

ஒன்று இழப்பீர்கள்: 16-க்கும் 18-க்கும் எண்ணில் வித்தியாசம் இரண்டுதான், கோணத்தில் 83 டிகிரி 76 ஆகிவிடும். சின்ன ஹாலில் குடும்பமே நிற்கும் குரூப் போட்டோவுக்கு இது உறைக்கும். அதற்காகவே கிட் லென்ஸை விற்றுவிடாதீர்கள். விற்றாலும் பெரிதாகக் கிடைக்காது.

அரைநிழல்:
கரிச்சான் ஒரு விஷயத்தை விட்டுவிட்டார். ஏ6400 பாடியில் ஸ்டெபிலைசேஷன் கிடையாது. சிக்மா 18-50-இலும் கிடையாது. டாம்ரான் 17-70 எஃப்/2.8-இல் உண்டு, ரீச்சும் (எட்டி எடுக்கும் அளவு) 20 மிமீ கூடுதல். பழையது நல்ல நிலையில் கிடைத்தால் என் ஓட்டு அதற்குத்தான்.

கரிச்சான்:
உண்மை, ஆனால் ஸ்டெபிலைசேஷன் நிறுத்துவது நம் கை நடுக்கத்தை. அட்சதை போடுகிற கை ஆடுவதை அது நிறுத்தாது. ஆட்கள் அசைகிற இடத்தில் ஷட்டர் ஸ்பீடு 1/100 நொடிக்குக் கீழே இறங்க முடியாது, அந்த ஸ்பீடில் 50 மிமீயைக் கையிலேயே பிடித்துவிடலாம்.

17-70 ஜெயிக்கிற இடம் வேறு. முக்காலிக்கு அனுமதி இல்லாத கோயிலின் இருண்ட பிராகாரத்தில் சிற்பம் அசையாது, 1/10-இல் கூட எடுக்கலாம். கையில் பிடித்து வீடியோ எடுத்தாலும் அதுதான். ஆனால் எடை 525 கிராம், பாடியோ சுமார் 400. பிடிப்பதற்கு இடது கை எப்போதும் லென்ஸ் அடியில் இருக்கவேண்டும். பாப்-அப் ஃபிளாஷ் போட்டால் அந்த நீளக் குழாயின் நிழல் படத்தின் அடியில் அரைவட்டமாக விழும். சிக்மாவிலும் ஹூட் (லென்ஸ் முன்னால் மாட்டும் வெயில்மறைப்பு) மாட்டியிருந்தால் விழும், கழற்றிவிடுங்கள். அந்த ஃபிளாஷை விரலால் பின்பக்கம் சாய்த்துப் பிடித்தால் ஒளி கூரையில் பட்டு இறங்கும். தாழ்ந்த வெள்ளைக் கூரை உள்ள வீட்டில் வேலை செய்யும், மண்டபத்தில் செய்யாது.

எந்த லென்ஸ் வாங்கினாலும் மெனுவில் 'ஐஎஸ்ஓ ஆட்டோ மின். எஸ்எஸ்' (ஆட்டோ ஐஎஸ்ஓவில் குறைந்தபட்ச ஷட்டர் ஸ்பீடு) 1/100 வையுங்கள். 1/125 அல்ல. நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், மட்டமான எல்இடி விளக்குகள் நொடிக்கு 100 முறை மினுக்கும், 1/100 என்றால் ஒரு முழு மினுக்கல் உள்ளே வந்துவிடும். சைலன்ட் ஷூட்டிங்கை (சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டர்) அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் படத்தில் குறுக்குப் பட்டை விழலாம்.

அப்புறம், எஃப்/2.8 கிடைத்துவிட்டதே என்று எப்போதும் அதிலேயே நிற்க வேண்டாம். 50 மிமீயில் 2 மீட்டர் தூரத்தில் ஃபோகஸில் இருக்கும் ஆழம் சுமார் 18 செமீ. மாலை மாற்றும்போது மாப்பிள்ளை முகம் தெளிந்து பெண் முகம் மங்குவது இதனால்தான். இருவர் என்றால் எஃப்/4.

நாமக்கோழி:
பறவைப் பக்கம் யாரும் வரவில்லையே.

வெண்மார்பு மீன்கொத்தி அலகோடு சேர்த்து ஒரு 28 செமீ. 20 மீட்டரில் அது கம்பியில் உட்கார்ந்திருக்க, 210 மிமீயில் எடுத்தால் சென்சாரில் விழும் பிம்பம் 3 மிமீ கூட இல்லை. சென்சார் உயரம் 15.6 மிமீ, 4000 பிக்சல். அதில் பறவைக்குச் சுமார் 750. வாட்ஸ்அப்புக்குத் தாராளம், சுவரில் மாட்டக் காணாது. 350 மிமீ என்றால் 1250 வரும்.

கணக்கு இப்படி இருப்பதால் சோனி 70-350 ஜி தான் சரியான லென்ஸ், ஆனால் உங்கள் பட்ஜெட்டில் தனியாகவே அடங்காது. டாம்ரான் 70-300 அதைவிட மலிவு, எடை 545 கிராம், படமும் கூர்மை. வாங்கும்முன் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: அதில் ஸ்டெபிலைசேஷன் இல்லை, உங்கள் பாடியிலும் இல்லை. 300 மிமீயில் வியூஃபைண்டரே தள்ளாடும். உட்கார்ந்த பறவைக்கே 1/500 வேண்டும், அந்தியில் அது நடக்காது. பறக்கும் பறவைக்கு எப்படியும் 1/2000 என்பதால் அங்கே மட்டும் இந்தக் குறை அவ்வளவாகத் தெரியாது.

எப்போதாவது பறவை என்றால் பழைய சோனி 55-210 போதும். 345 கிராம், ஸ்டெபிலைசேஷன் உண்டு. 210 முனையில் முழு அப்பர்ச்சரில் கொஞ்சம் சவசவ என்றிருக்கும், எஃப்/8 வைத்தால் தேறும், அதாவது நல்ல வெயில் வேண்டும். கூந்தன்குளம் பறவைகள் சரணாலயம் போனால் மஞ்சள்மூக்கு நாரைகள் ஊருக்குள்ளே மரங்களில் கூடு கட்டியிருக்கும், அங்கே இதை வைத்தே நிரப்பலாம். வேடந்தாங்கலில் கரையிலிருந்து ஏரிக்குள் நிற்கும் மரத்தை எடுக்க 350-ம் பத்தாது.

புங்கமரம்:
குழப்பம் கூடிவிட்டது! 17-70ஆ, 18-50 + 55-210ஆ?

அரைநிழல்:
எங்களைக் கேட்காதீர்கள், உங்கள் படங்களைக் கேளுங்கள். லைட்ரூம், டிஜிகேம் மாதிரிப் படங்களை அடுக்கும் மென்பொருளில் ஃபோக்கல் லெங்த் (எத்தனை மிமீயில் எடுத்தது) வாரியாகப் பிரித்துப் பாருங்கள். பாதிக்கு மேல் 50-இலேயே முட்டி நின்றிருந்தால் 17-70. இல்லையென்றால் கரிச்சான் சொன்னது.

புங்கமரம்:
பார்த்தேன். 1,140 படத்தில் 50 மிமீயில் இருப்பது 310. பெரும்பாலும் 20-க்கும் 40-க்கும் நடுவில். வீடியோ எடுப்பதே இல்லை.

அரைநிழல்:
அப்படியானால் வாபஸ், 18-50 புதிதாக எடுங்கள். 55-210 பழையதாகத் தேடுங்கள்.

பழையதைப் பார்க்கப் போகும்போது டார்ச் எடுத்துப் போங்கள். லென்ஸின் பின்பக்கத்திலிருந்து சாய்வாக அடித்து முன்பக்கம் வழியாகப் பாருங்கள். தனித்தனிப் புள்ளி தூசு, அது படத்தில் வராது. சிலந்தி நூல் மாதிரிக் கிளை பிரிந்திருந்தால் பூஞ்சை, விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். கண்ணாடி முழுக்க மூச்சு விட்டது போல் மங்கல் இருந்தாலும் வேண்டாம், வெயிலுக்கு எதிராக எடுத்தால் எல்லாம் வெளுத்துப் போகும்.

அடுத்து ஸ்டெபிலைசேஷன். 210 மிமீ, 1/60, மெனுவில் ஸ்டெடிஷாட் (ஸ்டெபிலைசேஷனுக்கு சோனி வைத்த பெயர்) ஆன் வைத்துப் பத்து படம், ஆஃப் வைத்துப் பத்து. இரண்டு பத்தும் ஒரே மாதிரி ஆடியிருந்தால் அது செத்துவிட்டது.

கடைசியாக, சுவரில் ஒரு செய்தித்தாளை விரித்து ஒட்டி, முக்காலியில் 2 செகண்ட் டைமரில், முழு அப்பர்ச்சரில் எடுத்து நாலு மூலையையும் பெரிதாக்கிப் பாருங்கள். நாலும் ஒரே அளவு மங்கல் என்றால் அந்த லென்ஸின் சுபாவம். ஒரு மூலை மட்டும் மங்கினால் உடனே குறை சொல்லாதீர்கள், கேமராவைத் தலைகீழாக மாட்டி அதே படத்தை இன்னொன்று எடுங்கள். சுவரில் அதே இடம்தான் மங்குகிறது என்றால் நீங்கள் நேராக வைக்கவில்லை. வியூஃபைண்டரில் அதே மூலை மங்குகிறது என்றால் லென்ஸ் உள்ளே கண்ணாடி நகர்ந்திருக்கிறது. பெரும்பாலும் கீழே விழுந்ததாக இருக்கும்.

நாமக்கோழி:
சென்னைப் பக்கம் என்றால் வாங்கின அன்றே ஒரு காற்றுப் புகாத டப்பாவும் சிலிகா ஜெல்லும் வாங்கிவிடுங்கள். ஈரப்பத மீட்டர் 40-லிருந்து 50-க்குள் நிற்கவேண்டும். கேமராவோடு வரும் துணிப்பைக்குள் போட்டு பீரோவில் வைப்பதுதான் பூஞ்சைக்குப் பிடித்த இடம்.